பொய்க்கை

நெடுங்கொம்பு மாட்டைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் கூண்டு எந்தப் பட்டியில் வேலைக்கு நிற்கிறதோ, அதன் பக்கத்தில் அவள் நிற்பாள். அதனால் அவளுக்குக் கூண்டுக்காரி என்று பெயர் வந்துவிட்டது. ஊசி போட, காதில் அட்டை மாட்ட, கொம்பு அளக்க, சினை பார்க்க என்று எதற்கானாலும் மாடு கூண்டேற வேண்டும். குட்டைக் கொம்பு மாடு என்றால் பின்னால் ஒரு தட்டு தட்டினால் போதும், உள்ளே போய்விடும். நெடுங்கொம்பு அப்படியில்லை. கட்டில் நீளத்துக்கு மேல் விரிந்த கொம்போடு ஓர் ஆள் அகலச் சந்துக்குள் அது நுழைய வேண்டும். தலையைச் சாய்த்து, ஒரு கொம்பை முன்னே நீட்டி, இன்னொன்றை முதுகோடு ஒட்டி, ஏணியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நுழைகிறவனைப் போல அது தானே கணக்குப் போட்டு நுழையும். அந்தக் கணக்கைப் போட விட வேண்டும். வித்தை அவ்வளவுதான்.

அந்தப் பொறுமைதான் பலருக்கு இல்லை. கத்துவார்கள், வாலை முறுக்குவார்கள், கழுத்துக் கதவை ஒரு கணம் முந்தி இழுத்துவிடுவார்கள். கொம்பு கம்பியில் மாட்டி ஒடியும். கொம்புக்குள் எலும்பும் ரத்தமும் இருக்கின்றன. ஒடிந்தது திரும்ப வளராது. பல வருஷம் தீனி போட்டு வளர்த்தது ஓர் இழுப்பில் போய்விடும்.

கூண்டுக்காரியின் கையில் ஒரு கொம்பும் ஒடிந்ததில்லை. அவள் கத்த மாட்டாள். மாட்டின் தோளுக்குப் பின்னால் ஓர் அடி வைத்தால் மாடு முன்னே நகரும். தோளுக்கு முன்னால் வைத்தால் நிற்கும். அந்த ஓர் அடியை முன்னும் பின்னும் மாற்றி வைத்தே ஒரு மந்தையைச் சந்துக்குள் ஏற்றி இறக்கிவிடுவாள். "என்னம்மா, மாட்டோடயே பேசிட்டிருக்க?" என்று யாராவது கேலி செய்தால், "மனுஷங்களோட பேசி என்னத்தக் கண்டேன்" என்பாள்.

அவள் எல்லாப் பட்டிக்கும் போவாள், ஒரு பட்டியைத் தவிர. அது அவளுடைய தங்கையின் பட்டி. தூரம் ஒன்றுமில்லை, நடுவில் ஒரு கம்பி வேலிதான். ஆனால் ஒன்பது வருஷமாக அந்த வாசலை அவள் மிதிக்கவில்லை. மிதிக்காததோடு நின்றாளா என்றால் அதுவுமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மேய்கிற ஒரு பசுவைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை நின்று பார்ப்பாள். புண்ணில் கை வைத்து வலிக்கிறதா என்று பார்க்கிறவர்களைப் போல.

அந்தப் பசுவின் பெயர் தராசு. கொம்பு இரண்டும் வளையாமல், கோல் பிடித்ததுபோல் இரண்டு பக்கமும் நேராக நீண்டிருக்கும். சுற்று வட்டாரத்தில் அப்படி ஒரு விரிப்பு இல்லை. அந்தப் பசு தன் பட்டியில் நிற்க வேண்டியது என்று கூண்டுக்காரி நம்பினாள். அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது.

அவளுடைய அப்பா நெடுங்கொம்பு வளர்த்தவர். பசுக்களைச் சினைப்படுத்த சாம்பல் என்று ஒரு பொலிகாளை வைத்திருந்தார். மூத்த மகளைச் சின்ன வயதிலிருந்தே கூண்டுக்குக் கூட்டிப் போனார். இளையவளுக்கு அடுப்படியும் பால் பாத்திரங்களும் வாய்த்தன. இளையவளுக்குக் கல்யாணமாகி வந்த மாப்பிள்ளை சினை பார்ப்பதில் கெட்டிக்காரன். தோள் வரை நீளும் உறையை மாட்டி, பின்பக்கமாகக் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "மூணு மாசம்", "காலி" என்று சொல்வான். சொன்னது தப்பாது. அதன் பிறகு அந்தக் குடும்பத்தில் வேலை இரண்டாகப் பிரிந்தது. மாட்டின் தலை கூண்டுக்காரியுடையது, வால் மாப்பிள்ளையுடையது. இவள் பின்பக்கம் போக மாட்டாள், அவன் முன்பக்கம் வர மாட்டான். நடுவில் ஒரு மாட்டின் நீளத்துக்கு நம்பிக்கை இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் சாம்பல் வயிறு உப்பிச் செத்தது. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் அப்பாவும் போய்விட்டார். மந்தையைப் பிரிக்க வேண்டி வந்தது. மாட்டுக்காரர்களிடம் அதற்கு ஒரு வழி உண்டு. ஒருத்தர் மந்தையை இரண்டு அடைப்பாகப் பிரிக்க வேண்டும், மற்றவர் எந்த அடைப்பு வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். பிரிக்கிறவர் கோணலாகப் பிரித்தால் நஷ்டம் அவருக்கே. மூத்தவள் என்பதால் கூண்டுக்காரி பிரித்தாள். பிரிப்பதற்கு முன்னால் எல்லாப் பசுவையும் கூண்டேற்றி மாப்பிள்ளை சினை பார்த்தான். அவள் தலைப்பக்கம் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். அப்பாவின் செல்லப் பசுவான செவலையின் முறை வந்தபோது அவன் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றான்.

"காலி" என்றான்.

செவலைக்கு வயதாகிவிட்டது. இனி பிடிக்காது என்று முடிவு கட்டிய கூண்டுக்காரி ஒரு கணக்குப் போட்டாள். மாப்பிள்ளைக்கு எப்போதும் கொம்பின் மேல்தான் கண். ஆகவே கொம்பு விரிந்த கிழட்டுப் பசுக்களையெல்லாம் ஓர் அடைப்பில் சேர்த்து, செவலையையும் அதில் தள்ளினாள். கொம்பு சுமாராக இருந்தாலும் உடம்பு ஆழமான, இன்னும் பல ஈத்து ஈனக்கூடிய இளம் பசுக்களை மற்ற அடைப்பில் விட்டாள். இது பொய்யா? அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. கண் இருக்கிறவன் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும். சாமர்த்தியத்துக்கும் பொய்க்கும் நடுவில் ஒரு வேலி இருக்கிறது என்றும், தான் அதன் சரியான பக்கத்தில்தான் நிற்கிறோம் என்றும் அவள் எண்ணிக்கொண்டாள்.

மாப்பிள்ளை இரண்டு அடைப்பையும் சுற்றிச் சுற்றி வந்தான், மோவாயைச் சொறிந்தான். கடைசியில் கொம்பு அடைப்பைக் காட்டினான். பக்கத்தில் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்பா நினைப்பில் அழுகிறாள் என்று கூண்டுக்காரி நினைத்தாள். வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம், "கொம்பைப் பாத்து மயங்கிட்டாரு, பாவம்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அஞ்சு மாசம் நீடித்தது.

அஞ்சாம் மாசம் செவலை கன்று போட்டது. சாம்பலின் கடைசி வாரிசாக ஒரு கிடேரி, பெண்கன்று. அதுதான் தராசு. சாம்பலும் செவலையும் சேர்ந்த ரத்தம் இனி வேறெங்கும் இல்லை. கூண்டுக்காரி வேலியருகே போய் நின்றாள். மாப்பிள்ளை கன்றைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"காலின்னீங்களே, மாப்பிள்ளை."

"கை தவறிப்போச்சு அண்ணி. கை என்ன கண்ணா?"

நாலு மாசச் சினை அந்தக் கைக்குத் தவறாது. அது அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் கன்றின் காதைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஏற்கெனவே துடைத்த காது அது.

யாரிடம் போய் நியாயம் கேட்பது? கை தவறும் என்பதை எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். தான் பிரித்த அடைப்பை அவன் எடுத்துக்கொண்டான். தான் வெட்டிய குழிக்குத் தானே தண்ணீரும் இறைத்த கதையாகிவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். பசுகூட வேண்டாம். நாலு பேர் முன்னால் அவன் வாயாலேயே, "தெரிஞ்சேதான் காலின்னு சொன்னேன்" என்று சொல்ல வேண்டும்.

மனிதர்கள் கன்று வளர்ப்பார்கள். அவள் பழியை வளர்த்தாள். அவசரப்படவில்லை. ஒரு கொம்பு விரிந்து நிற்க எத்தனை வருஷமாகும் என்று தெரிந்தவளுக்குக் காத்திருப்பதில் என்ன கஷ்டம்? முதலில் சந்தை டீக்கடையில் ஒரு சொல்லை இறக்கி வைத்தாள். "எங்க மாப்பிள்ளைக்குத் தங்கமான கை. ஆனா பொய் சொல்லும்." அவ்வளவுதான். அந்த வார்த்தை தானே மேய்ந்து தானே கொழுத்தது. ஆறே மாசத்தில் அவனுக்குப் பொய்க்கை என்று பெயர் விழுந்தது. "பொய்க்கையைக் கூப்பிடாதீங்கப்பா, பொலிகாளையையும் சினைன்னு சொல்லிட்டுப் போவான்" என்று சந்தையில் சிரித்தார்கள். பிறகு அவளே ஒரு மாட்டு டாக்டரிடம் நடையாக நடந்து சினை பார்க்கப் பழகினாள். அவன் போய்க்கொண்டிருந்த பட்டிகள் ஒவ்வொன்றாக இவளைக் கூப்பிட ஆரம்பித்தன. தலையும் அவளுடையது, வாலும் அவளுடையது என்றாயிற்று.

அவனுடைய பட்டிக்கு மட்டும் அவள் போகவில்லை. அவன் தானே கூண்டுக் கதவை இழுத்தான், வேலையாட்களை வைத்து இழுத்தான். வருஷத்துக்கு ஒன்றிரண்டு கொம்பு ஒடிந்தது. ஒவ்வொரு ஒடிசலின்போதும் மாட்டின் கத்தல் வேலியைத் தாண்டிக் கேட்கும். அவள் கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். மாட்டுக்காக மனசு பதறும். அவனுடைய நஷ்டத்துக்காகக் குளிரும். ஒரே மனசில் இரண்டும் எப்படி இருக்கின்றன என்று சில சமயம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கேட்பாள்.

மழை பொய்த்த ஒரு வருஷம், மத்தியான வெயிலில் அவள் கூண்டின் கீலுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அக்கா."

குரல் யாருடையது என்று தெரிந்தும், "யாரு?" என்றாள், திரும்பாமல்.

"வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவ."

"மாடு ஏதும் இந்தப் பக்கம் வரலியே."

"மாடு வரல. நான்தான் வந்திருக்கேன்."

தங்கை இளைத்திருந்தாள். வேலி வழியாக ஒன்பது வருஷமாகப் பார்த்த உருவம்தான், ஆனால் கிட்டத்தில் பார்த்தால் கன்னத்து எலும்பு தெரிந்தது. விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். தீவனம் தீர்ந்துவிட்டது. தராசை வாங்க வெளியூர் வியாபாரி ஒருவர் வருகிறார். சினையோடு வாங்குகிறார். கூண்டில் நிறுத்திக் கொம்பை அளந்து, ரத்தம் எடுத்த பிறகுதான் வண்டியில் ஏற்றுவாராம். கொம்புக்குப் பயந்து தராசை இதுவரை கூண்டேற்றியதே இல்லை, சினைகூடத் தொழுவத்தில் கட்டிவைத்துத்தான் பார்த்தார்கள். கொம்பு ஒடிந்தால் அது கசாப்பு விலைக்குத்தான் போகும்.

"உங்க வீட்டுக்காரருக்குத்தான் ரெண்டு கை இருக்கே" என்றாள் கூண்டுக்காரி.

"அந்தக் கை நம்பிக்கையா இருந்தா நான் எதுக்கு உன் கால்ல வந்து நிக்கறேன்?"

"கால்ல நிக்கல. வெயில்ல நிக்கற. இப்படி நிழலுக்கு வா."

தங்கை நகரவில்லை. கூண்டுக்காரி துணியில் கிரீஸைத் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக.

"வியாபாரி என்னைக்கு வர்றாரு?"

"வர்றியா?" தங்கைக்கு நம்ப முடியவில்லை.

"கூண்டுக்கு வர்றேன். வீட்டுக்கு வரல."

இதைக் கேட்ட அவளுடைய புருஷன் தட்டில் கை வைத்தபடி அவளையே பார்த்தான். அவன் லாரி டிரைவர். வீட்டில் பேசுவது குறைவு, பேசினால் குத்தலாகத்தான் பேசுவான்.

"ஒன்பது வருஷமா அந்தப் பக்கம் அடிக்கிற காத்தைக்கூட வேண்டாம்னவ, கூப்பிட்டதும் சரின்னுட்டியாமே. நல்ல மனசு."

"ஏன், எனக்கு நல்ல மனசு இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம். ஆனா உன் மூஞ்சியைப் பாத்தா எனக்கே தலையில கொம்பு இருக்கான்னு தடவிப் பாக்கத் தோணுது."

"சாப்பிடுங்க."

"மாட்டை ஒண்ணும் பண்ணிடாதடி. அது உங்கப்பா காளையோட ரத்தம்."

மாட்டை ஒன்றும் செய்யக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் ஒன்றும் செய்ய மாட்டோம் என்று உறுதியாகத் தெரியுமா? சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போது அந்தக் கேள்வியும் கூடவே தண்ணீரில் உருண்டது.

வியாபாரி வந்த அன்று கம்பி வேலி ஓரமெங்கும் ஆள் நின்றது. தராசு கூண்டேறப் போகிறது என்றும், ஏற்றப்போவது யார் என்றும் செய்தி பரவியிருந்தது. வியாபாரி தடித்த கண்ணாடி போட்டவர். அளவு நாடாவைக் கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டிருந்தார். மாப்பிள்ளை பழக்கதோஷத்தில் கூண்டின் பின்பக்கம் போய் நின்றான். தலைமுடி நரைத்திருந்தது. தங்கை தீவனத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"வாங்க அண்ணி" என்றான்.

"வந்துட்டேன் மாப்பிள்ளை. சந்துல இருக்கிற வாளியை எடுத்துடுங்க. அந்தத் துண்டு வேலி மேல தொங்குது பாருங்க, அதையும். யாரும் பேசக் கூடாது."

தராசு சந்தின் வாயில் வந்து நின்று மூச்சுவிட்டது. இருட்டுச் சந்தைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. கிட்டத்தில் அதைப் பார்ப்பது அவளுக்கும் அதுதான் முதல் தடவை. நெற்றியில் சாம்பலின் அதே சுழி. அவள் அதன் தோளுக்குப் பின்னால் ஓர் அடி வைத்தாள். காத்தாள். மாடு ஒரு கால் வைத்தது, பின் வாங்கியது. அவளும் பின் வாங்கினாள். வேலியோரம் யாரோ இருமினார்கள். அவள் காத்தாள். தராசு மெல்லத் தலையைச் சாய்த்தது. வலது கொம்பு முன்னே நீண்டது, இடது கொம்பு முதுகைத் தடவிக்கொண்டு வந்தது. இரும்பில் ஒரு சின்ன உரசல்கூட இல்லாமல் அது சந்தைக் கடந்து கூண்டுக்குள் வந்து தலையை நிமிர்த்தியது. அந்தக் கணத்தில் அவள் கழுத்துக் கதவை மூடினாள். சத்தமே வரவில்லை.

"அடேயப்பா" என்றார் வியாபாரி, மெதுவாக.

கொம்புகள் இரண்டும் கூண்டின் முன்தூண்களைத் தாண்டி வெளியே நீண்டு நின்றன. மாடு அசையாமல் நின்றால் ஒன்றுமில்லை. தலையை உதறினால் கொம்பு தூணில் மோதி ஒடியும். அது அசையாமல் நின்றது, அவளுடைய உள்ளங்கை அதன் தோளில் இருந்ததால். வியாபாரி நாடாவைப் பிடித்து அளந்தார். திரும்ப அளந்தார். சிரித்தார். ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்.

"முடிஞ்சுது, விட்டுடலாம்" என்றார்.

அவள் விடவில்லை. தலையில் அவள், வாலில் அவன், நடுவில் ஒரு மாட்டின் நீளம். எல்லாம் பழையபடி இருந்தது.

"மாப்பிள்ளை, இதோட தாய் செவலை. ஞாபகம் இருக்கா?"

அவன் கூண்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"மந்தை பிரிச்ச அன்னைக்கு செவலைக்குச் சினை பாத்தீங்க. என்ன சொன்னீங்க?"

"அண்ணி, முதல்ல மாட்டை விடுங்க. இதை அப்புறம் பேசலாம்."

"மாடு நல்லாத்தான் நிக்குது. என்ன சொன்னீங்க?"

"காலின்னு. அதான் கை தவறிப்..."

அவள் மாட்டின் தோளிலிருந்து கையை எடுத்தாள். தராசின் காது திரும்பியது. அவள் ஓர் அடி பின்னால் வைத்தாள். மாடு மூச்சைச் சீறிவிட்டு, கழுத்தைக் கம்பியில் அழுத்திப் பார்த்தது. கூண்டு லேசாக முனகியது. வேலியோரத்தில் நின்ற எல்லோரும் மாட்டுக்காரர்கள்தான். என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

"கை தவறல மாப்பிள்ளை. நாலு பேர் கேக்கறாங்க. உள்ளதைச் சொல்லுங்க. சொன்னா நான் முன்னால வர்றேன்."

"ஏம்மா, என்ன இது" என்றார் வியாபாரி.

அவள் இன்னோர் அடி பின்னால் வைத்தாள். தராசு தலையை ஒரு பக்கம் திருப்பியது. கொம்பு தூணில் 'டக்' என்று பட்டது. அந்தச் சத்தம் அவளுடைய பல்லில் வந்து இறங்கியது. போ, முன்னால் போ என்று கால் சொன்னது. ஒன்பது வருஷம் என்று வேறொன்று சொன்னது. அப்பாவின் காளையின் கடைசி ரத்தம் தன் கண் முன்னால் ஒடியப்போகிறது, ஒடிக்கப்போவது தான்தான் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கால் நகரவில்லை. இப்படிப்பட்டவளா நான் என்று ஒரு கணம் தோன்றியது. ஆமாம் என்றும் தோன்றியது.

மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. வாயைத் திறந்தான். அவன் கண் அவளைப் பார்க்கவில்லை, தீவனத் தொட்டியைப் பார்த்தது.

"அவரு சொல்ல மாட்டாரு" என்றாள் தங்கை. "நான்தான் சொல்லச் சொன்னேன்."

"நீ பேசாம இரு" என்றான் அவன்.

"எத்தனை வருஷம் பேசாம இருக்கிறது? அக்கா, செவலை சினைன்னு முந்தின வாரமே எனக்குத் தெரியும். பால் பாத்திரம் கழுவுறவளுக்கு மாடு தெரியாதா? அது நடக்கிற நடையிலயே தெரிஞ்சுது. காலின்னு சொல்லுங்கன்னு இவர் கால்ல விழுந்தேன். மாட்டேன்னாரு. கை பொய் சொன்னா கைக்கு மரியாதை இல்லைன்னாரு. நான்தான் விடல. நீ எப்படிப் பிரிப்பேன்னு எனக்குத் தெரியும். எங்களுக்குக் கிழட்டுக் கொம்பைத்தான் ஒதுக்குவ. அதுல செவலையும் வந்து சேரட்டும்னு நினைச்சேன். சேர்ந்துது."

வேலியோரத்தில் ஒருவர்கூட இருமவில்லை.

கூண்டுக்காரி முன்னால் வந்தாள். வந்தது அவளுக்கே தெரியாமல் நடந்தது. உள்ளங்கை மாட்டின் தோளில் போய் ஒட்டியது. தராசின் தோல் நடுங்கியது, மெல்ல அடங்கியது. அது மூச்சை நீளமாக விட்ட பிறகு கழுத்துக் கதவைத் திறந்தாள். தராசு இரண்டு கொம்பும் முழுசாக இருக்க வெளியே நடந்து, வேலியோரம் போய், ஒன்றுமே நடக்காதது போல் சாணி போட்டது.

"கொம்பு பிரமாதம்" என்றார் வியாபாரி, கண்ணாடியைத் துடைத்தபடி. "ஆனா சினைன்னு சொன்னது இவரு. இங்க நடந்ததைக் கேட்டப்புறம் எதை நம்பறது? அம்மா, நீங்களே கை விட்டுப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க வார்த்தை போதும். இப்பவே வண்டில ஏத்திடறேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தங்கை மட்டும் பார்க்கவில்லை. தொட்டியின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சினைதான். தராசு அடியெடுத்து வைத்த விதத்திலேயே கூண்டுக்காரிக்குத் தெரிந்துவிட்டது. சினை என்றால் தங்கை வீட்டில் தீவனம் இறங்கும். காலி என்றால், பின்னால் அது கன்று போட்டாலும் கை தவறிப்போச்சு என்று சொல்லிவிடலாம். இரண்டில் எதைச் சொல்லவும் நாக்கு எழவில்லை.

"இந்த வீட்டு மாட்டுல என் கை போகாதுங்க" என்றாள்.

வியாபாரி காலி வண்டியோடு போனார். கூட்டமும் ஒவ்வொருவராகக் கலைந்தது. மாப்பிள்ளை கூண்டின் பின்பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து வந்து அவள் முன்னால் நின்றான். இத்தனை வருஷத்தில் அவள் நிற்கிற தலைப்பக்கத்துக்கு அவன் வந்தது அன்றுதான்.

"பொய்க்கைன்னு பேர் வெச்சீங்க. சரியான பேர்தான், கை சொன்னது பொய்தானே. அதனால நான் எதிர்த்து ஒண்ணும் பேசல" என்றான். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்." வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன்மேல் வெறுப்பைத் தேடிப் பார்த்தாள். இருந்தது. ஆனால் அது அவன் அளவுக்கு வெட்டித் தைத்த சட்டை. அதைக் கழற்றித் தங்கைக்கு மாட்டினால் தோளில் நிற்கவில்லை, கை நீளம் பொருந்தவில்லை. தூக்கி வளர்த்த தங்கைக்குப் புதிதாகத்தான் அளவெடுக்க வேண்டும்.

"இப்ப என்னை என்ன பண்ணப் போற?" என்றாள் தங்கை.

"தெரியல" என்றாள் அவள். "யோசிக்கணும்."

தங்கை வீட்டார் அந்த வருஷம் நாலு மாட்டை அடிமாட்டு விலைக்கு விற்றுத் தீவனம் வாங்கினார்கள். தராசு உரிய காலத்தில் கன்று போட்டது. பொய்க்கை என்ற பெயரைச் சந்தையில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் கூண்டுக்காரி டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னவனையே பார்ப்பாள். அவன் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒன்பது வருஷத்துக்கு மேலாக மிதிக்காத வீட்டு வாசலை மிதித்து, நேரே தங்கையின் அடுப்படிக்குள் போய் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தங்கை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே கையை நிறுத்தினாள்.

"என்னக்கா?"

"டீ போடு."

டீ குடித்தாள். அலமாரியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனாள். அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும். சனிக்கிழமை ராத்திரி தங்கை தூங்குவதில்லை என்று மாப்பிள்ளை வேலியோரம் நின்று சொன்னபோது அவளுக்குத் திருப்தியாக இருந்தது. இதற்குப் பேர் பழியா, வேறு ஏதாவதா என்று அவளுடைய புருஷன் கேட்டான். பழிதான் என்றாள். வேறென்ன?

நேற்றைய ஞாயிறும் போயிருந்தாள். தங்கையால் அடக்க முடியவில்லை. கரண்டியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு எதிரில் வந்து நின்றாள்.

"வாரா வாரம் வர்ற. பேச மாட்டேங்கற. எதுக்குத்தான் வர்ற? நாலு வார்த்தை திட்டிட்டாவது போயேன்."

கூண்டுக்காரி டீயை ஊதினாள். ஒரு மடக்குக் குடித்தாள்.

"உனக்கென்ன அவசரம்?" என்று கேட்டுவிட்டுக் கிளாஸை நீட்டினாள். "சர்க்கரை பத்தல."

தங்கை டப்பாவைத் திறந்து, ஒரு கரண்டி போட்டு, கலக்கிக் கொடுத்தாள்.